ஆளுக்கு மூன்று மந்திரச் சாமான்

அந்த விதியை, ஆட்டம் நடத்துகிறவர் தானாகவே இட்டுக்கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்கு முதல் நாளே சந்தேகம். சந்தேகப்படுவதுதான் அப்போது என் பிழைப்பு. ஒரு பம்ப்செட் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். ஃபவுண்டரியிலிருந்து வரும் வார்ப்பு ஒவ்வொன்றையும் சுத்தியால் தட்டி, சத்தத்தை வைத்து உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். "இது நல்ல பீசுங்க" என்று சிரித்துக்கொண்டே எவன் கொண்டுவருகிறானோ அவன் பீஸைத்தான் முதலில் தட்டுவேன். பெரும்பாலும் ஓட்டை இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில், துடியலூரில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் ஐந்து பேர் கூடுவோம். சீட்டாடுகிறார்கள் என்று தெருவில் பேச்சு. சீட்டு இல்லை. அது கதைக்குள் போய் விளையாடும் ஆட்டம். ஒருவர் கதை நடத்துவார். மற்ற நான்கு பேருக்கும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆள் உண்டு. ஒருவன் படைவீரன், ஒருவன் திருடன், இப்படி. "கதவை உடைக்கிறேன்" என்று நான் சொன்னால், உடைந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். உடைந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று கதை நடத்துகிறவர் சொல்வார். செத்தால் செத்ததுதான், புது ஆளை உண்டாக்கிக்கொண்டு வர வேண்டும். பிழைத்தால் புதையல் கிடைக்கும். புதையலில் சில சமயம் மந்திரச் சாமான் இருக்கும். அடுத்த வாரம் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதற்கு முடிவென்று ஒன்று கிடையாது.

ஆட்டத்தின் விதிப் புத்தகம் ஒரே ஒருவரிடம் இருந்தது. மில் ஆபீசில் வேலை பார்த்தவர். அமெரிக்காவில் இருந்த அவருடைய பெரியப்பா மகன் அனுப்பியது. அதனால் அவர்தான் கதை நடத்துவார். நாங்கள் அவரைப் புத்தகக்காரர் என்போம். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பழுப்புத் தாளில் அட்டை போட்டு, மஞ்சப் பையில் வைத்துக் கொண்டுவருவார். எங்களுக்குக் காட்ட மாட்டார். கதை நடத்துகிறவரைத் தவிர யாரும் படிக்கக் கூடாது என்று அதிலேயே போட்டிருக்கிறதாம். போட்டிருக்கிறதா என்று யார் பார்த்தது?

இரண்டாவது ஆள் அவருடைய மச்சான். தாய்மாமன் மகன், கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு. புத்தகக்காரரின் தங்கையை அவருக்குக் கொடுப்பதாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது, கடைக்காரர். எங்களில் மூத்தவர், எல்லோரையும் "சாமி" என்று கூப்பிடுவார். நான்காவது, அன்னூரிலிருந்து பஸ்ஸில் வரும் காலேஜ் பையன். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் எங்களைவிட நல்ல கொங்குத் தமிழ். ஐந்தாவது நான்.

என் ஆள் ஒரு காவல்வீரன். அவனிடம் ஆறு மந்திரச் சாமான்கள் இருந்தன. இருட்டில் எரியும் வாள், அம்பை நிறுத்தும் கேடயம், நடந்தால் சத்தம் வராத செருப்பு, விஷத்தை முறிக்கும் கிண்ணம், தானாக முடிச்சுப் போடும் கயிறு. ஆறாவது ஒரு கைக்காப்பு. செத்துப்போன ராஜா ஒருவனின் சமாதிக்குள் இறங்கி, மற்றவர்கள் எல்லாம் வெளியே ஓடிய பிறகும் நின்று சண்டை போட்டு நான் எடுத்தது. பக்கத்தில் யாராவது பொய் சொன்னால் அது சுடும். "காப்பைப் பார்க்கிறேன்" என்று நான் சொல்ல வேண்டும். சுடுகிறதா இல்லையா என்று புத்தகக்காரர் சொல்ல வேண்டும். மற்ற ஐந்தும் போனால் போகட்டும். அந்தக் காப்பு எனக்கு வேண்டும். கம்பெனியில் தட்டித் தட்டிக் கண்டுபிடிப்பதை இங்கே சும்மா கையைப் பார்த்தால் போதும்.

அதை வைத்து நான் நிறைய பேரைப் பிடித்தேன். புத்தகக்காரர் ஒரு சாமியாரைக் கொண்டுவருவார். சாமியார் வாயைத் திறப்பார். காப்பைப் பார்ப்பேன். சுடும். சாமியார் திருடன் என்று தெரிந்துவிடும். ஒரு வியாபாரி வழி சொல்வான். சுடும். அந்த வழியில் போக மாட்டோம். புத்தகக்காரர் பகடையை எடுத்துக் கையிலேயே கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருப்பார். எனக்கு அது பார்க்க நன்றாக இருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து உட்கார்ந்து, டீ வரும் முன்பே ஆரம்பித்தார்.

"புதுப் பதிப்புல விதிய மாத்திப்போட்டாங்களாமுங்க. இனிமே ஆளுக்கு மூணு மந்திரச் சாமான்தானுங்க. அதுக்கு மேல வெச்சுக்கக் கூடாது."

மச்சானிடம் இரண்டு இருந்தது. கடைக்காரரிடம் ஒன்று. அன்னூர்ப் பையனிடம் ஒன்றுகூட இல்லை. விதி யாருக்காக வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

"புதுப் பதிப்பு உங்க கையில இருக்குதுங்களா?" என்றேன்.

"இல்லீங்க. அமெரிக்காவுல இருந்து போன்ல சொன்னாருங்க."

"எப்பங்க?"

"முந்தாநேத்து."

"ஊட்டுக்கா, மில்லுக்கா?"

"ஏனுங்க, நான் என்ன கேசுல மாட்டுனவனுங்களா?"

அமெரிக்கா போன் என்ன விலை என்று எங்களுக்குத் தெரியும். தனக்குக் குழந்தை பிறந்த சேதியையே கடுதாசியில் எழுதிப்போட்டவர் அந்தப் பெரியப்பா மகன். அவர் ஒரு விளையாட்டு விதிக்காகப் போன் செய்தாராம். நான் கேட்டதற்கெல்லாம் புத்தகக்காரர் என் சட்டைப் பையைப் பார்த்துப் பதில் சொன்னார். முகத்தைப் பார்க்கவில்லை.

மச்சான் உடனே ஆதரவுக்கு வந்தார். "விதின்னா விதிதானுங்க. பஸ்ஸுலகூட இத்தன பேருதான் நிக்கலாமுன்னு எழுதிப் போட்டிருக்குதில்ல?"

"அந்த பஸ்ஸுலதானுங்ணா நான் தொங்கிட்டு வந்தேன்" என்றான் அன்னூர்ப் பையன்.

கடைக்காரர் தன் தொழிலிலிருந்து பேசினார். "அளவு ஒண்ணு வேணும் சாமி. அஞ்சு எச்.பி. மோட்டார்ல பத்து எச்.பி. வேல வாங்குனா உள்ள காயில் கம்பி எரிஞ்சுபோகும். எரிஞ்சதெல்லாம் கீழ எங்கிட்டத்தான் கெடக்குது."

"அத மோட்டார் விக்கிறப்ப சொல்லணுமுங்க. வாங்கி மாட்டி தண்ணி எடுத்துட்டு இருக்கறப்ப வந்து, பாதிப் பைப்ப அவுத்துக் குடுன்னா எவன் குடுப்பான்? இனிமே கெடைக்கற சாமானுக்கு விதி போடுங்க. என்ர கையில இருக்கறதத் தொடாதீங்க."

"அப்படின்னா அது விதியில்லீங்க, சலுகைங்க" என்றார் மச்சான்.

அன்று ஆட்டமே நடக்கவில்லை. இதே பேச்சு. கேடயத்தையும் வாளையும் ஒரே சாமானாகக் கணக்கு வைக்கலாமா? செருப்பு ஜோடி ஒன்றா, இரண்டா? பயன்படுத்தாமல் மூட்டைக்குள் கட்டி வைத்தால் அது கணக்கில் வருமா? எங்கள் சத்தத்தில் கீழே வார்னிஷ் வாங்க வந்தவர் மேலே ஏறி வந்து, என்ன தகராறு என்று கேட்டுவிட்டுப் போனார். மாமன் மச்சானுக்குள் சொத்துத் தகராறு என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அவர் நம்பி, "விட்டுக் குடுத்துப் போங்கப்பா" என்று எனக்குப் புத்தி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

மிச்சம் மூன்று சாமான்களும் என்ன ஆகும் என்று கேட்டேன். காற்றோடு மறைந்துவிடும் என்றார் புத்தகக்காரர். அதற்கு மட்டும் நான்கு பேரும் ஒரே குரலில் சண்டைக்கு வந்தோம். இருக்கும் சொத்து எப்படி மறையும்? எங்களில் ஒருவருக்கும் அது புரியவில்லை. அப்போதுதான் கடைக்காரர் அந்த யோசனையைச் சொன்னார்.

"கூட்டுக் கெணறு மாதிரி வெச்சுக்கலாம் சாமி. மிச்சத்தப் பொதுவுல போட்டுடலாம். ஆளுக்கு ஒரு வாரம் மொற."

எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது. எங்கள் ஐந்து பேர் வீட்டுக்கும் எங்கேயோ ஒரு கூட்டுக் கிணற்றில் பங்கு உண்டு. பங்காளிகள் சேர்ந்து வெட்டிய கிணறு, ஆளுக்கு இத்தனை நாள் என்று மோட்டார் போடும் முறை. பிறந்ததிலிருந்து பார்த்தது. அந்தக் கிணற்று முறையில் வெட்டுக்குத்து நடந்ததையும் பார்த்திருக்கிறோம். ஆனாலும் அந்த நிமிஷத்தில் அது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அமெரிக்காக்காரன் விதிக்கு எங்கள் ஊர்க் கிணற்றை வெட்டி ஒட்டினோம்.

காப்பையும் வாளையும் கேடயத்தையும் நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"அது எப்படிங்க?" என்றார் மச்சான். "வாளும் கேடயமும் உங்க ஒடம்புக்கு. அது உங்க சொந்தக் காடு தோட்டம். காப்பு அப்படியா? அது சுட்டா எல்லாருக்கும் சேதி தெரியுது. அதுதானுங்க கெணறு. கெணத்தக் கொண்டுபோய் எவனாச்சும் தன்ர பேருக்கு எழுதுவானா?"

இதை அவர் யோசிக்காமல் சொன்னார். முன்பே மனப்பாடம் செய்துவிட்டு வந்தவர் மாதிரி சொன்னார். நான் அதைக் கவனித்துக்கொண்டேன். கை தூக்கச் சொன்னார்கள். நான் ஒருவன் மட்டும் தூக்கவில்லை. காப்பும் கிண்ணமும் கயிறும் பொதுவுக்குப் போயின.

அதற்கப்புறம் ஆட்டம் உருப்படவில்லை. ஒரு வாரம் கடைக்காரர் வீட்டுக்கு விருந்தாட்கள் வந்து, நாங்கள் கூடவில்லை. அது அன்னூர்ப் பையனின் முறை. அந்த முறை போனதா, அடுத்த வாரத்துக்கு வருமா? கரண்ட் இல்லாத அன்றைக்கு முறை வந்தால் அது அவன் தலையெழுத்து என்பது மச்சான் ஊர் வழக்கம். கரண்ட் வந்ததும் விட்ட நேரத்தைக் கொடுக்க வேண்டும் என்பது அன்னூர் வழக்கம். பேய் பிசாசெல்லாம் எங்களுக்காகக் குகைக்குள் காத்துக்கொண்டிருக்க, நாங்கள் மூன்று டீ குடித்து இதைப் பேசினோம்.

நான் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தேன். என் முறை வந்த வாரம் காட்டுக்குள் போனோம். ஓநாய்கள் வந்தன. அடுத்த சுற்றில் என் முறை வந்தபோது ஆற்றில் வெள்ளம். அதற்கடுத்த சுற்றில் கல் கதவு ஒன்று, திறக்கவே இல்லை. ஓநாய் பொய் சொல்லுமா? வெள்ளம் பொய் சொல்லுமா? மச்சான் முறையில் மட்டும் கதை அரண்மனைக்குப் போய்விடும். மந்திரிகள், தூதுவர்கள், ஜோசியக்காரர்கள் என்று வாய் ஓயாத கூட்டம் வரும். மச்சான் காப்பைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "எதுக்குங்க எல்லாரையும் சந்தேகப்படறது? பெரிய மனுசனுங்க சொன்னா நம்போணுமுங்க" என்பார். நம்பினோம். ஒரு தூதுவன் காட்டிய பாலத்தில் ஏறி, பாலம் உடைந்து, அன்னூர்ப் பையனின் ஆளுக்கு ஒரு கால் போனது.

கடைக்காரரிடம் தனியாகச் சொன்னேன். அவர் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"மழை யாரு மொறையில பேயுதுன்னு யாரு சாமி சொல்றது?"

"கெணத்து மேல மழை பேஞ்சா சாமியக் குத்தம் சொல்ல முடியாதுங்க. இங்க மழைய உடற ஆளு எனக்கு எதுத்தாப்புல உக்காந்து பன்னு தின்னுட்டு இருக்காருங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மறுபடி என் முறை வந்தது. எதிர்பார்த்தபடியே பனிமலை. வெளியே ஓநாய்கள் ஊளையிட, எங்கள் நான்கு ஆட்களும் ஒரு குகைக்குள் தீ மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். காப்பு என் ஆள் கையில். பேசும் வாய் அந்த மலையில் எங்கள் நான்கு பேருடையது மட்டும்தான். அதைப் புத்தகக்காரர் யோசிக்கவில்லை.

புத்தகக்காரரிடம் ஒரு விஷயத்தை நான் மறுக்க மாட்டேன். பகடையை எல்லோர் முன்னாலும் உருட்டுவார். விழுந்ததை மாற்ற மாட்டார். ஒருமுறை சொந்த மச்சானின் ஆளே செத்தபோதும் மாற்றவில்லை. கதைக்குள் நடப்பதை உள்ளபடி சொல்வார். அதை நம்பித்தான் கேட்டேன்.

"என்ர ஆளு, மச்சானோட ஆளப் பாத்து ஒரு கேள்வி கேக்கறானுங்க."

"கேளுங்க."

"இந்தக் காப்பப் பொதுவுல போடறதுக்கு முன்னாலயே, நீங்களும் கத நடத்தறவரும் பேசி வெச்சீங்களா?"

அன்னூர்ப் பையன் குழம்பிப்போனான். "ஏனுங்ணா, குகைக்குள்ள இருக்கறவனுக்குக் கத நடத்தறவரு இருக்காருன்னு எப்படித் தெரியும்?"

"அந்த ஒலகத்தப் படைச்சவருதானப்பா. சாமின்னு வெச்சுக்கோ. சாமிகிட்டப் பேசுனியான்னு கேக்கறேன்."

மச்சான் சிரித்தார். "பேசலீங்க. நான் எதுக்குங்க பேசறேன்?"

"காப்பைப் பாக்கறேன்" என்றேன்.

கீழே கடையில் வேலைக்கு இருந்தவர் மோட்டார் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். புத்தகக்காரர் பகடையை எடுத்தார். இதற்குப் பகடை கிடையாது என்று ஞாபகம் வந்து கீழே வைத்தார். மச்சானைப் பார்த்தார். மச்சான் தலையை லேசாக ஆட்டினார், வேண்டாம் என்கிற மாதிரி.

"சுடுதுங்க" என்றார் புத்தகக்காரர்.

"மச்சான்!" என்று அவரைப் பார்த்துக் கத்தினார் மச்சான்.

"நான் என்னுங்க மச்சான் பண்றது? காப்பு சுடுது."

"அப்ப நான் பொய்யனுங்களா? ஊட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தவன நாலு பேரு முன்னால பொய்யனாக்கிப் போட்டீங்க. நல்லா இருக்குதுங்க உங்க மரியாத." எழுந்து படியிறங்கிப் போனார். அந்தக் கோபத்திலும் 'ங்க' ஒன்றையும் விடவில்லை. கீழே புல்லட் கிளம்பிய சத்தத்தில் மட்டும் மரியாதை இல்லை.

பிறகு புத்தகக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். தோப்பில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். ஆளுக்கு ஐந்து என்று வைக்கலாம் என்று இவர் சொல்ல, மூன்று போதும் என்று மச்சான் குறைத்திருக்கிறார். போன் வரவில்லை. புதுப் பதிப்பு என்று ஒன்று வந்ததா என்பதே அவருக்குத் தெரியாது.

"நீங்க பேசுனதுல எனக்கு வருத்தமில்லீங்க. அமெரிக்காவ எதுக்குங்க இழுத்தீங்க?" என்றேன்.

"நான் சொன்னா நீங்க கேப்பீங்களா? வாரம் பூரா மில்லுல ஒக்காந்து ஒரு மந்திரிய யோசிக்கறேனுங்க. அவனுக்கு ஒரு பொண்டாட்டி, ஒரு கடன், ஒரு பங்காளிப் பக. ஞாயித்துக்கெழம அவன் வாயத் தொறந்ததும் நீங்க கையப் பாக்கறீங்க. அவன் கத முடிஞ்சுது. நானும் எத்தன மந்திரியத்தான் உண்டாக்கறது? மச்சானும் கடுப்பாயிட்டாரு. நீங்க ஒருத்தரே எல்லாம் பண்ணிப்போடறீங்க, வந்து பன்னு தின்னுட்டுப் போறதுக்கு நானெதுக்குன்னாரு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்க."

"சொன்னா காப்பக் குடுத்திருப்பீங்களா?"

கொடுத்திருப்பேனா என்பது வேறு விஷயம். கேட்கவில்லை, அதுதான் விஷயம். அதை அப்படியே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார்.

பொய்யை உடைத்துவிட்டோம், விதியும் அதோடு செத்தது என்றுதான் நினைத்தேன். என் ஆறு சாமான்களையும் திருப்பிக் கேட்டேன். அன்னூர்ப் பையன் தொண்டையைச் செருமினான்.

"விதி இருக்கட்டுமுங்ணா."

"ஏன்டா?"

"பொய் சொல்லித்தான் கொண்டாந்தாரு. ஆனா விதி நல்ல விதிங்ணா. இது வந்ததுக்கப்புறந்தான் எனக்கும் ஒரு வேல கெடச்சுது. கயிறு எங்கிட்ட வந்த வாரத்துல நான் உங்க மூணு பேரையும் கதையில அந்தப் பாழுங்கெணத்துல இருந்து தூக்குனேன், ஞாபகம் இருக்குதுங்களா? அதுக்கு முன்னால உங்க பின்னால நடந்து வர்றது ஒண்ணுதான் எனக்கு ஆட்டம்."

கடைக்காரரும் கை தூக்கினார். "மொற மட்டும் வேண்டாம் சாமி, அது என்ர தப்பு. கெணத்த மூடிடலாம். ஆளுக்கு மூணு, அவனவனுக்குப் புடிச்ச மூணு."

நான் யாரைத் திட்டுவது? பொய்யாக வந்த விதியை நான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். அதை அவர்கள் நிஜ விதியாக்கிவிட்டார்கள். இவர்களும் முன்கூட்டியே பேசி வைத்தார்களோ என்று ஒரு கணம் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். கையில் காப்பு இருந்து என்ன, அது கதைக்குள் இருக்கிறது. சரி என்று சொன்னேன். காப்பு, கேடயம், செருப்பு எனக்கு. வாளைக் கடைக்காரருக்குக் கொடுத்தேன். கிண்ணத்தை மச்சானுக்கு வைத்தோம். கயிறு அன்னூருக்குப் போனது.

மச்சான் சில வாரங்கள் வரவில்லை. பிறகு நிச்சயதார்த்தத் தேதி குறித்துவிட்டார்கள் என்று சொல்லி இனிப்போடு வந்தார். எனக்கும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். அன்றைக்குப் பல நாளுக்குப் பிறகு கதை அரண்மனைக்குள் போனது. இளவரசனைக் காணோம். ஒரு மந்திரி எங்களை வரவேற்றான். காப்பு என் கையில், இனி யாருக்கும் அதில் பங்கில்லை. நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"இளவரசரு எங்க?"

மந்திரிக்காகப் புத்தகக்காரர் பேசினார். குரலைத் தாழ்த்தி, கையைக் கட்டிக்கொண்டு பேசினார். "வாங்க வாங்க. எப்ப வந்தீங்க? வழியெல்லாம் சௌரியந்தானுங்களா?"

"இளவரசரு எங்கன்னு கேட்டேன்."

"அதுக்கென்னுங்க. மொதல்ல ஒக்காருங்க. ஒரு வாய் காப்பி சாப்புடுங்க."

"அவர நீ கொன்னயா?"

"அட, ஏனுங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க!"

"காப்பைப் பாக்கறேன்."

"சுடலீங்க" என்றார் புத்தகக்காரர்.

"ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லு."

"உங்களுக்குத் தெரியாததுங்களா?"

"இளவரசர நாங்க பாக்க முடியுமா, முடியாதா?"

"பாக்கலாமுங்க, பாக்கலாமுங்க. ஆகட்டுமுங்க. எல்லாம் நல்லபடியா முடியுமுங்க."

"காப்பு?"

"சுடலீங்க."

அப்போதுதான் மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். கடைக்காரர் சிரித்தார். பையன் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். எங்கள் ஊரில் பெண் கேட்டுப் போன இடத்திலும் சரி, வேலை கேட்டுப் போன இடத்திலும் சரி, 'இல்லை' என்ற ஒரு வார்த்தையை முகத்துக்கு நேராக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணப் பேச்சு நடந்த அத்தனை மாதமும் இவர்கள் வீட்டுப் பெரியவர்கள் இப்படித்தான் பேசியிருப்பார்கள். புத்தகக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஒன்றுமே சொல்லாதவன் எப்படிப் பொய் சொல்வான்? காப்பு என்ன செய்யும்?

இருட்டும்வரை கேட்டேன். அந்த மந்திரி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. எங்களுக்கு விருந்து வைத்தான். வெற்றிலை பாக்குக் கொடுத்தான். வாசல்வரை வந்து வழியனுப்பினான். இளவரசனைக் கொன்றது அவன்தான்.